ஏட்டையா இல்லாத திடல்: ஒரு கபடிப் பயிற்சிக் களத்தின் நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவில் பல ஊர்க் கபடித் திடல்களுக்குப் பின்னால் ஒரு காவலர் இருப்பார். இளவயதில் ஆடியவர், அந்த ஆட்டத்தாலேயே போலீசில் சேர்ந்தவர், பக்கத்து ஸ்டேஷனுக்கு மாறுதல் கிடைத்ததும் சாயங்காலம் திடலில் வந்து நிற்பவர். அதற்குச் சம்பளமும் கிடையாது, பயிற்சியாளர் என்ற பட்டமும் கிடையாது. பிள்ளைகளுக்கு அவர் ‘சார்’, பெற்றோருக்கு ‘ஏட்டையா’.

அப்படி ஓர் ஏட்டையா பணியில் இருக்கும்போதே இறந்துபோனால் அவர் நடத்திய திடல் என்னவாகிறது என்பதே இந்த ஆய்வு. இது ஒரே ஆளின் வரலாறு அல்ல. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்றை ஒரு திடலின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். அதனால் ஊரும் பேரும் இல்லை. அளவுகள், விதிகள், சட்டங்கள் மட்டும் உள்ளபடி.

ஊரே திரண்டு அழுதது. நினைவுக் கோப்பை அறிவித்தார்கள், திடலின் வாசலில் படம் வைத்தார்கள். அடுத்த ஆண்டு அதே திடலில் அருகம்புல் முளைத்து ஆடு மேய்ந்தது. அன்புக்குக் குறைவில்லாத ஊரில் இது எப்படி நடந்தது?

திடல்

டெல்டா மண்ணில் கபடிக் களம் போடுவது லேசான வேலை இல்லை. வண்டலும் களியும் கலந்த மண் கோடையில் பாளமாக வெடிக்கும், மழையில் காலைப் பிடித்து இழுக்கும். வெடித்த பாளத்தில் முன்கால் சிக்கிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் சவ்வு போயிற்று. இந்தப் பகுதியில் முழங்கால் காயத்துக்குக் கபடியைக் குறை சொல்வதைவிட மண்ணைக் குறை சொல்வதுதான் பொருத்தம்.

ஏட்டையா போட்ட களத்தின் கணக்கு இது. ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். இரு பக்கமும் தலா 1 மீட்டர் ‘லாபி’ என்ற ஓரப்பட்டை அதற்குள் அடங்கும். விழுந்து உருள இடம் வேண்டும் என்று சுற்றிலும் 2 மீட்டர் சேர்த்து 17-க்கு 14 என்று எடுத்தார். மேல்மண் 10 சென்டிமீட்டர் கனம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 24 கன மீட்டர், லாரிக் கணக்கில் (நூறு கன அடி ஒரு யூனிட்) எட்டரை யூனிட். அதற்கு அடியில் சுற்றுத் தரையைவிட ஒரு அடி உயர்த்திச் செம்மண் கிராவல் போட்டு உருட்டினார். ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத் திடல் முழுக்கத் தண்ணீர் நின்றாலும் களம் மட்டும் தீவு மாதிரி நிற்கும். நாலு பக்கமும் வாய்க்கால் வெட்டாமல் உயர்த்தினால் ஒரே மழையில் ஓரம் கரைந்துவிடும் என்பதால் முழ அகலத்துக்கு வடிகாலும் உண்டு.

மேல்மண்ணில் எம்-சாண்ட் கலக்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதம் சரியானது. உடைத்த கல்லின் துகள் கூர்மையானது. பாய்ந்து விழும் பையனின் முழங்கையை அது உரித்துவிடும், அந்தச் சிராய்ப்பு வயல்தண்ணீர் பட்டுச் சீழ்வைக்கும். சலித்த வண்டலும் மணலும் மரத்தூளும் கலந்து, ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். கோடு போடச் சுண்ணாம்பைத் தொடவிட மாட்டார். முகம் மண்ணில் உரசும் ஆட்டம் இது, கண்ணில் பட்டால் வெந்துபோகும். தெருவில் விற்கும் கோலமாவுதான் கோடு. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், பாடி வருபவர் தாண்ட வேண்டிய பால்க் கோடு, அதிலிருந்து 1 மீட்டரில் கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு. முடிச்சுப் போட்ட ஒரே கயிற்றில் எல்லா அளவும் இருந்தது. அந்தக் கயிறு அவருடைய மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருந்தது. இதைப் பின்னால் பார்ப்போம்.

பயிற்சி

சேரும் பையன் முதல் இரண்டு வாரம் எதிர்க்களத்துக்குப் பாடிப்போக மாட்டான், பிடிக்க மாட்டான். விழக் கற்பான். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டும் தோள்பட்டையும் போகும். தோளைச் சுருட்டி உருண்டு விழ வேண்டும். இது அலுப்பாக இருக்கும், பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிடுவார்.

அடுத்தது பிடி. கார்னரில், அதாவது களத்தின் மூலையில், நிற்பவன் கணுக்காலுக்குப் பாயும்போது தலை, பாடி வரும் ரைடரின் காலுக்கு வெளிப்புறம் இருக்க வேண்டும். முன்னால் நீட்டினால் முழங்கால் தாடையில் இடிக்கும். தொடைப்பிடிக்கும் அதே கணக்கு: கன்னம் இடுப்பின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். ரைடரை மடக்கக் கைகோத்துச் சங்கிலியாக நிற்கும் இருவர் விரலோடு விரல் பின்னக் கூடாது, மணிக்கட்டைப் பற்ற வேண்டும். ரைடர் பிய்த்துக்கொண்டு ஓடும்போது பின்னிய விரல்தான் முதலில் பிசகும். பாட்டுக்கு 30 விநாடி. ‘கபடி கபடி’ நடுவர் காதில் விழ வேண்டும், மூச்சு அறுபடக் கூடாது. ஆற்றங்கரையில் மெதுவாக ஓடிக்கொண்டே பாடவைத்துத்தான் அந்த மூச்சைக் கட்டினார்.

வயதைவிட எடையைத்தான் அவர் பார்த்தார். சப்-ஜூனியர் என்ற சிறுவர் பிரிவுக்கு 55 கிலோ, ஜூனியர் ஆண்களுக்கு 70, சீனியர் ஆண்களுக்கு 85. போட்டிக்கு முந்தின இரண்டு நாள் பட்டினி கிடந்து, வெயிலில் ஓடி, எச்சில் துப்பி 58-ஐ 55 ஆக்கும் வழக்கம் எங்கும் உண்டு. அப்படி வற்றிய உடம்போடு ஆடும் பையனுக்குத் தசை இழுக்கும், தலை சுற்றும், மயங்கி விழுந்தால் காரணம் தெரியாமல் சோடா தெளிப்பார்கள். ஏட்டையா ஒவ்வொரு ஞாயிறும் ஒரே தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதினார். மூன்று வாரமாக 57-க்கு மேல் நிற்பவனைச் சப்-ஜூனியருக்கு அழைத்துப்போவதில்லை. எவ்வளவு நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும் சரி.

சீருடையில் அவர் ஒருநாளும் திடலுக்கு வந்ததில்லை. குழந்தைகளோடு பழகும் காவலர் சாதாரண உடையில்தான் இருக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழான 2016 விதிகளின் சாரம். ஆனால் அவர் சட்டத்துக்காக மட்டும் செய்யவில்லை. திடல் ஸ்டேஷனின் கிளை ஆகிவிடக் கூடாது. ‘ராத்திரி யார்டா பம்ப் செட்ல தண்ணி போட்டது’ என்று பையன்களிடம் துப்புக் கேட்டால், அன்றே அவர்கள் ஊருக்கு உளவாளி ஆகிவிடுவார்கள். கேட்டதில்லை.

இன்னொரு கயிறு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பையன்கள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். எந்த நிறம் எந்தத் தெரு என்பது ஊருக்கே தெரியும். ஏட்டையா சாதிப் பேச்சே எடுக்கவில்லை. கபடி விதிப்படி நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் முதலிய அடுத்தவரைக் காயப்படுத்தும் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது. ‘கயிறு விரலை அறுக்கும், கழற்று’ என்றார், அவ்வளவுதான். ஊர்த்தெருப் பையனும் காலனிப் பையனும் சங்கிலிக்கு ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துத்தானே ஆக வேண்டும்? உபதேசம் செய்திருந்தால் பாதி வீடுகளில் பிள்ளையை நிறுத்தியிருப்பார்கள்.

அவர் வராத நாட்கள்

காவலர் வேலையில் நேரம் நம் கையில் இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி பந்தோபஸ்து. பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர், ஐப்பசியில் தஞ்சாவூர் சதய விழா, நாகூர் கந்தூரி, நடுவில் தேர்தல், மறியல், தலைவர்கள் வருகை. ஒரு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு மாலையாவது அவர் திடலில் இருந்திருக்க மாட்டார் என்று கணக்கிடலாம். இருந்தும் பயிற்சி நின்றதில்லை. ஒவ்வொரு எடைப்பிரிவிலும் ஒரு மூத்த பையன் ‘ரோல் கால்’ எடுப்பான், ஓட்டம் விடுவான், விழும் பயிற்சி முடித்து அனுப்புவான். பிடி கிடையாது, ஆட்டம் கிடையாது. பெரியவர் இல்லாத நாளில் முழு ஆட்டம் ஆடியதால்தான் காயங்கள் வந்தன என்பதை அனுபவத்தில் கண்டு வைத்த ஏற்பாடு.

எங்கள் பார்வையில் அவருடைய திறமையெல்லாம் இங்கேதான் இருந்தது. குறையும் இங்கேதான். பத்து நாள் தான் இல்லாமல் திடல் நடக்கும் அளவுக்கு அமைத்தார். பத்து மாதத்துக்கு அமைக்கவில்லை.

உடைந்த வரிசை

அவர் இறந்தபின் முதலில் வராமல் நின்றவர்கள் பெண்பிள்ளைகள், முதல் வாரத்திலேயே. பயிற்சி மாலை ஆறு மணிக்கு மேல் நடந்தது, ஏனென்றால் அவர் பணி முடிந்து வர அந்த நேரம்தான். இருட்டில் வாய்க்கால் கரையோரமாக மகளை அனுப்பிய பெற்றோர் நம்பியது கபடியை அல்ல, ஏட்டையாவை. அவர் போனதும் அந்த நம்பிக்கை வேறு யார் மேலும் தொற்றவில்லை. உதவிக்கு ஒரு பெண் பயிற்சியாளர் முன்பே இருந்திருந்தால், நேரம் நாலரை மணி ஆகியிருந்தால், பெண்களுக்குரிய 12-க்கு 8 களம் தனியாகக் கோடு போட்டிருந்தால், பள்ளிக் கழிவறைச் சாவி ஆசிரியை ஒருவர் கையில் இருந்திருந்தால் தாக்குப் பிடித்திருக்கும். எதுவும் பெரிய செலவில்லை.

அடுத்து, இடம். பள்ளித் திடலை மாலையில் பயன்படுத்தத் தலைமையாசிரியர் வாய்வார்த்தையாகத்தான் சொல்லியிருந்தார். புதிதாக வந்தவர் காகிதம் கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஒரு பிள்ளைக்கு எலும்பு முறிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, நேரம், பொறுப்பாளர் பெயர், விளக்கு மின்கட்டணம் யார் கட்டுவது என்று மூன்று வரி எழுதியிருந்தால் போதும்.

பிறகு பொருட்கள். சாமான் அறைச் சாவியும் அளவுக் கயிறும் நோட்டும் அவருடைய வண்டிப் பெட்டியில் இருந்தன. வண்டி வீட்டுக்குப் போயிற்று. துக்க வீட்டில் போய் ‘கபடி நோட்டு’ கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அந்த நோட்டில்தான் பிறந்த தேதி, எடை, பெற்றோர் எண், யாருக்கு வலிப்பு உண்டு, யாருக்கு வீசிங் உண்டு என்ற குறிப்பெல்லாம். அவர் இறந்த முதல் மாத முடிவில் பள்ளிப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. எந்தப் பையன் எந்தப் பிரிவு என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. இரண்டு பேர் வயது கூடுதலென்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கடைசியாக, வேலை என்ற நம்பிக்கை. பதினேழு வயதைத் தாண்டிய பையன்களில் பலர் வருவது போலீஸ் தேர்வுக்காக. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், கயிறு ஏற்றத்தில் 5 மீட்டர், 6 மீட்டர் என்று மதிப்பெண். வண்டி மீட்டரை நம்பி அளந்தால் தூரம் பிசகும் என்று, 30 மீட்டர் டேப்பில் ஆற்றங்கரையில் 750 மீட்டர் அளந்து கல் நட்டு வைத்திருந்தார். போய்த் திரும்பினால் 1500. விளையாட்டு வீரர்களுக்கான 10 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஊர்க் கோப்பைச் சான்றிதழ் செல்லாது, அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் போட்டியில் ஆடிய சான்று வேண்டும் என்பதையும் அவர்தான் ஒவ்வொருவரிடமும் சொல்வார். அந்தப் பேச்சு நின்றதும் பெரிய பையன்கள் டவுன் அகாடமிகளுக்குப் போனார்கள். பெரியவர்கள் போன இடத்தில் சிறுவர்கள் ஏன் நிற்பார்கள்?

கல் இன்னும் கரையில் இருக்கிறது.

நினைவுக் கோப்பை

ஊர் செய்த முதல் காரியம் மாநில அளவிலான மின்னொளிக் கபடி. முதல் ஆண்டு நினைவு நாளில், 32 அணிகள், ஒரே களம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அன்றிரவு நடந்ததெல்லாம் விளங்கும். 32 அணி நாக்-அவுட் என்றால் 31 ஆட்டம். முறைப்படி 20 நிமிடப் பாதி இரண்டு, இடைவேளை 5, அணி மாற 5 என்றால் ஆட்டத்துக்கு 50 நிமிடம். மொத்தம் 26 மணி நேரம். ஒரே இரவில் முடியாது. அதனால் பாதியை 10 நிமிடமாக வெட்டினார்கள், இடைவேளை 2. அப்படியும் 14 மணி நேரம். மாலை ஆறுக்குத் தொடங்கிக் காலை எட்டுக்கு முடிந்தது. அதிகாலை மூன்று மணிக்கு, ஐந்து மணி நேரம் ஈரத் துண்டைப் போர்த்திக் குந்தியிருந்த பையன் உடம்பைச் சூடாக்காமல் களத்தில் இறங்குகிறான். காயம் வராமல் என்ன செய்யும்?

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஆட்டத்தின் நடுவே ஓர் இளைஞர் களத்திலேயே விழுந்து உயிரிழந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகும் பல ஊர்களில் முதலுதவி என்றால் ஐஸ் கட்டியும் ஸ்பிரேயும்தான். 108 வண்டிக்கு முன்கூட்டியே தகவல், மார்பை அழுத்தி உயிர்மூச்சு தரத் தெரிந்த இருவர், கூட்டத்துக்கு நடுவே ஸ்ட்ரெச்சர் வர ஒரு பாதை, இவை மூன்றும் கோப்பைக்கு முன்னால் வர வேண்டும். அனுமதி மனுவிலும் மருத்துவக் குழு இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். சாதி, கட்சி அடையாளம் உள்ள உடையும் பேனரும் கூடாது என்பதும் நிபந்தனை. அன்று வைத்த பிளெக்ஸில் ஏட்டையா படம் நடுவில் சின்னதாக, சுற்றிலும் நிதி கொடுத்தவர்கள் பெரிதாக. கயிற்றைக் கழற்றச் சொன்னவருக்கு இப்படி ஒரு பேனர்.

பரிசு, பந்தல், ஜெனரேட்டர், சாப்பாடு என்று திரட்டிய பணம் அந்த இரவோடு தீர்ந்தது. மறுவாரம் மண் நிரவக்கூடக் காசில்லை.

தேதியும் தவறு. அவர் இறந்தது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. இரண்டாம் ஆண்டு களம் சேறாகிப் போட்டி ரத்து. ‘அக்டோபர் 21-க்கு மாற்றலாம், காவலர் நினைவு நாள்’ என்று சிலர் சொன்னார்கள். 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் மத்திய ரிசர்வ் போலீசார் 10 பேர் சீனப் படையால் கொல்லப்பட்ட நாள் அது, நாடு முழுக்கக் காவல்துறை அனுசரிக்கிறது. பொருத்தமான நாள்தான். ஆனால் மழைக்கு அது தெரியாதே.

திரும்பத் தொடங்கியது

மூன்றாம் ஆண்டு கூடியவர்கள் ஐந்து பழைய மாணவர்கள். அவர்களில் இருவர் காவலர், ஒருவர் உடற்கல்வி ஆசிரியை. முதல் வேலையாக ஏட்டையா வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் நோட்டைக் கேட்டார்கள். அவர் அதை ஏற்கெனவே ஒரு துணிப்பையில் கயிறு, விசில், சாவியோடு கட்டி வைத்திருந்தார். கேட்க யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு செய்தவை காகித வேலைகள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்பதால் இரண்டு பெற்றோரைச் சேர்த்து மன்றத்தைப் பதிவு செய்தார்கள், அதில் ஒருவர் காலனித் தெருத் தாய். வங்கிக் கணக்கு இருவர் கையெழுத்தில். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகத்தில் இணைப்பு. முதலமைச்சர் கோப்பைக்கும் பள்ளிப் போட்டிகளுக்கும் பதிவு திறக்கும்போது தேட வேண்டாமென்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்று, ஆதார், படிப்புச் சான்று, வங்கிப் புத்தக நகல் ஓர் உறையில். சாவி மூன்று, மூன்று வீடுகளில். பயிற்சி நாலரைக்கு, பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியை பொறுப்பு. ஸ்டேஷனில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார், அவர் எண் என்ன என்பது சாமான் அறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டப்பட்டது. பிள்ளைகளுக்கு வயது வந்தவர்களால் ஏதும் தொல்லை என்றால் திடல்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்காமல் நேரே அங்கே சொல்ல வேண்டும் என்பதற்காக. முன்பு அந்த இடத்தில் ஏட்டையாவே இருந்தார். அது வசதியாகத் தோன்றினாலும் சரியான ஏற்பாடு அல்ல: பயிற்சியாளர் மேலேயே புகார் என்றால் பிள்ளை யாரிடம் போகும்?

கோப்பையை விடவில்லை, சுருக்கினார்கள். சம்பா அறுவடையோடு வரும் தை கடைசிச் சனி, ஞாயிறு. 16 அணி, எல்லாம் சப்-ஜூனியர், களம் 11-க்கு 8, ஒன்றுக்குப் பதில் இரண்டு. 15 நிமிடப் பாதி, 5 இடைவேளை, மாற 5, ஆக ஆட்டத்துக்கு 40 நிமிடம். முதல் சுற்றின் எட்டு ஆட்டம் சனி மாலை மூன்றரைக்குத் தொடங்கி இரண்டு களத்தில் இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடிகிறது. மிச்சம் ஞாயிறு காலை. ஜெனரேட்டர் இல்லை. எடை பார்ப்பது சனி மதியம், களத்து ஓரத்தில், பெற்றோர் பார்க்க. பரிசுப் பணம் இல்லை, நாலு அணிக்கு முழங்கால் காப்பும் ஷூவும். வசூலில் பாதி வங்கிக்கு, மண்ணுக்கும் மரத்தூளுக்கும். பெரிய அணிகள் வருவதில்லை என்று ஊரில் முணுமுணுப்பு உண்டு. கூட்டமும் குறைவுதான்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் திருவாரூர் மாவட்டத்து வடுவூர்ப் பையன் ஆடியதற்குப் பிறகு சேருவோர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. முதல் இரண்டு வாரம் விழத்தான் வேண்டும் என்றதும் குறைகிறது. அதுவும் பழையபடியே.

இறந்த நாளில் இப்போது போட்டி இல்லை. அன்று மாலை பெரும்பாலும் மழைதான். பள்ளித் தாழ்வாரத்தில் அவர் படத்துக்கு விளக்கேற்றி, அந்த ஆண்டு ரோல் கால் எடுக்கும் பிள்ளையிடம் புது நோட்டையும் அளவுக் கயிற்றையும் அவர் மனைவி கொடுக்கிறார். முதல் பக்கத்தை அங்கேயே எழுத வேண்டும். சென்ற முறை ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதியது: ‘வந்தவர் 23. களம் ஈரம், ஆட்டம் இல்லை. தராசு பேட்டரி தீர்ந்தது, வாங்க வேண்டும்.’